அறுந்த கம்பியும் ஆறு ஆம்பியர் பிளக்கும்

என் வீட்டுக்காரர் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆனால் தெருவில் யாரைக் கேட்டாலும் ‘முடிச்சு டிரைவர்’ என்றுதான் சொல்வார்கள். அறுந்தது எதுவானாலும் முடிச்சுப் போட்டு ஓட வைத்துவிடுவார். வாளியின் பிடி போனாலும் கம்பி, மூக்குக்கண்ணாடியின் கால் போனாலும் கம்பி. ஒரு பொருளைக் குப்பையில் போடச் சொன்னால், பெற்ற பிள்ளையைப் போடச் சொன்னதுபோல முறைப்பார். இந்த மனிதரோடு குடும்பம் நடத்தியே எனக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. மீதியை நரைக்க வைத்தது அந்த ஹீட்டர்.

மாதம் நிறையாமல் பிறந்த குழந்தையோடு மகள் எங்களிடம் வந்திருந்தாள். நல்ல குளிர்காலம். அறை எப்போதும் கதகதப்பாக இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். பின்னறையில் ஒரு கட்டில், ஒரு தொட்டில், தொட்டிலை ஒட்டி எங்கள் பழைய ஹீட்டர். சுருள் கம்பி சிவந்து எரிகிற வகை. அந்தக் கம்பி அறுகிறபோதெல்லாம் இவர் கருகிய துண்டை நறுக்கிவிட்டு மிச்சத்தை இழுத்து முறுக்கி விடுவார். இப்படியே போய், முக்கால்வாசிக் கம்பிகூட மிஞ்சவில்லை.

“புதுசு ஒண்ணு வாங்கிடலாங்க,” என்றேன்.

“எதுக்கு? புதுசைவிட இது நல்லா எரியுது, பாரு.”

நன்றாகத்தான் எரிந்தது. அளவுக்கு மீறியே எரிந்தது. முன்பு மங்கலாகச் சிவக்கும் கம்பி இப்போது கண்ணைக் கூச வைத்தது. பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.

“பிளக் சுடுதுங்க. குழந்தை படுத்திருக்கிற இடம்.”

“உன் கை குளிர்ந்திருக்கு. அதான் அப்படித் தெரியுது.”

இவரிடம் என்னதான் பேசுவது? என் வாயை அடைக்க, மருமகன் வாங்கித் தந்த மீட்டரை எடுத்து வந்தார். பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் செருகினால் வோல்டும் ஆம்பியரும் காட்டும். இருநூற்று முப்பது வோல்ட், எட்டு ஆம்பியர் என்று காட்டியது. முகம் பூரித்துப் போய்விட்டது அவருக்கு.

“புதுசுல இது அஞ்சு ஆம்பியர் எடுத்துச்சு. இருநூத்து முப்பதை அஞ்சால வகுத்தா நாப்பத்தாறு ஓம். அதான் கம்பியோட எதிர்ப்பு. இப்ப எட்டால வகுத்துப் பாரு, இருபத்தொன்பதுகூட வரல. எதிர்ப்பு எவ்வளவு குறைஞ்சிருக்கு?”

“குறைஞ்சா?”

“ஒயருக்குச் சூடு குறையும். பிரேக்கை இறுக்கிப் பிடிச்சாத்தானே டிரம் கொதிக்கும்? பிடி தளர்ந்தா ஏன் கொதிக்கப் போகுது? காலம் பூரா வண்டி ஓட்டினவன்கிட்ட வந்து சூட்டைப் பத்திப் பேசுறா.”

மீட்டரைக் கழற்றிவிட்டு, பிளக்கை மறுபடி சுவரில் செருகினார். ஏதோ போட்டியில் ஜெயித்துவிட்டவர்போலக் கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மீட்டரைத் தூக்கி வெளியே எறிந்திருப்பேன்.

ஆனால் மனசு ஆறவில்லை. ஹீட்டரின் பின்பக்கத் தகட்டைக் குனிந்து பார்த்தேன். 230 வோல்ட், 1150 வாட் என்று பொறித்திருந்தது. துணிக்கடையில் அளவையும் விலையையும் பெருக்கிச் சொல்வதுதான் என் பிழைப்பு. இருநூற்று முப்பதை ஐந்தால் பெருக்கினேன். கச்சிதமாக அதே ஆயிரத்து நூற்றைம்பது. எட்டால் பெருக்கினேன். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது. சுவரிலிருந்த சாக்கெட்டைப் பார்த்தேன். பிளக், சாக்கெட் இரண்டும் ஆறு ஆம்பியர்தான் தாங்கும். ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடினேன்.

“பெருக்கிப் பாத்தேங்க. வாட்டு ஏறியிருக்கு.”

“எதிர்ப்பு குறைஞ்சா வாட்டு எப்படி ஏறும்? நீ எதுக்குப் பெருக்குற? வகுக்கணும்.”

எனக்குத் தலையை எங்கே கொண்டுபோய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

“சரி, ஒண்ணு சொல்லுங்க. மலையிலேருந்து வண்டியை இறக்குறீங்க. பிரேக் பிடி தளர்ந்துடுச்சு. சரிவு குறையுமா?”

“சரிவு எப்படிக் குறையும்? அது மலையாச்சே.”

“வண்டி?”

அவர் வலது கால் தரையிலேயே பிரேக்கைத் தேடி அழுந்தியது.

“சுவத்துல இருக்கிற இருநூத்து முப்பதும் அப்படித்தான். அது அப்படியே நிக்குது. நீங்க கம்பியைக் குறைக்கக் குறைக்க கரண்ட் தறிகெட்டு ஓடுது. எட்டு ஆம்பியர், அந்த ஆறு ஆம்பியர் பிளக் வழியா.”

அவர் கண் பின்னறைப் பக்கம் திரும்பியது. அதற்குள் பின்னறையிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

“அம்மா, நீங்க போனதும் குளுருதேன்னு ஹீட்டரைப் போட்டேன். ஏதோ தீயுற வாசனை வருது.”

இந்த வயதில் அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. வாசலருகே இருந்த மெயின் ஸ்விட்சை அடித்து அணைத்துவிட்டுத்தான் அறைக்குள் போனார். பிளக்கை இழுத்தார். பாதி கையோடு வந்தது, பாதி உருகி சுவரிலேயே ஒட்டிக்கொண்டது. தொட்டிலிலிருந்து தொங்கிய கம்பளியின் ஓரம் அந்த ஒயரின் மேல்தான் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. குழந்தை எதுவும் தெரியாமல் தூங்கிக்கொண்டிருந்தது.

மகள் குழந்தையை நெஞ்சோடு அணைத்துப் போர்த்திக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அவரைத் திட்டித் தீர்க்க எனக்கு ஒரு மூட்டை வார்த்தை இருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் மூட்டையைக் கட்டி வைத்துவிட்டேன். குறடு எடுத்து வந்து ஒயரை அடியோடு வெட்டினார். வாழ்க்கையில் ஒரு திருகாணியைக்கூட எறியாதவர், ஹீட்டரைத் தானே தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.

வந்து உட்கார்ந்தவர் ஒரு நிமிடம்கூட இருக்கவில்லை. சட்டென்று எழுந்து செருப்பை மாட்டினார்.

“இப்ப எங்கே கிளம்பிட்டீங்க?”

“உன் தங்கச்சி வீட்டு இஸ்திரிப்பெட்டி,” என்றார். மறு செருப்பையும் மாட்டிக்கொண்டே, “அதுக்கு முன்னாடி தெருக்கோடி வீட்டுக்குப் போகணும். அந்தப் பெரியவர் கட்டிலுக்குக் கீழேயே ஹீட்டரை வெச்சிருக்காரு. அதுக்கும் நான்தான் கம்பியை நறுக்கி முறுக்கி விட்டேன்,” என்றார்.

மீட்டரை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பினார்.

“நீயும் வா. எனக்கு வகுக்க மட்டுந்தான் தெரியும்.”