குப்பைத்தொட்டி இல்லாத வீடு

என் அக்காவைப் பார்த்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: வாயைக் கட்டத் தெரியாதவள். சொல்கிறவர்கள் நாக்கு அழுகிப் போகட்டும்.

சலவைக் கூடம் ஒன்றில், விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளுக்கு நாள் முழுக்க நின்றுகொண்டே இஸ்திரி போடுகிறவள் அவள். நின்று நின்று முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஆபரேஷன் செய்தால் நடக்கலாம். ஆனால் எடை குறைந்தால்தான் கத்தியைக் கையில் எடுப்பேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். போன இரண்டு தடவையும் எடை இறங்கவில்லை, ஏறியிருந்தது. இந்தத் தடவையும் அப்படியென்றால் வேலையை விட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"நான் ஒண்ணுமே சாப்பிடறதில்லடி," என்று போனில் அழுதாள்.

"ஆமா, பூசணி காத்தைக் குடிச்சே ஊதிப்போச்சு," என்று பக்கத்திலிருந்து அவள் புருஷன் சிரித்தது எனக்குக் கேட்டது. அந்தச் சிரிப்புக்காகவே லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

போய்ப் பார்த்தால் அக்கா சொன்னது நிஜம்தான். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தன் தட்டில் இரண்டு ரொட்டித் துண்டும் கொஞ்சம் வேகவைத்த காயும் மட்டும் போட்டுக்கொண்டாள். மாமா கறியை மென்று சக்கையைத் தட்டின் ஓரத்தில் துப்பினார். மகன் முட்டையின் வெள்ளையைத் தின்றுவிட்டு, மஞ்சளைக் குத்திக் கிளறி, அதன்மேல் சாஸை ஊற்றி வைத்தான். மகள் கேக்கின் கிரீமை நக்கிவிட்டு மிச்சத்தைத் தள்ளினாள். "அம்மா, இது உனக்கு." மூவரும் எழுந்து போய் டிவி முன்னால் விழுந்தார்கள்.

நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் குப்பைத்தொட்டியைத் தேடினேன். காய்த் தோல் போட ஜன்னல் கம்பியில் ஒரு சின்னப் பை தொங்கியது, அவ்வளவுதான்.

"எங்க வீட்ல குப்பைத்தொட்டியே கிடையாதும்மா!" மாமா அங்கிருந்தே பெருமையாகக் கத்தினார். "சாப்பாட்டை வீணாக்கற பழக்கமே இல்ல."

அக்கா தட்டுகளை வாங்கிக்கொண்டு சிங்க் பக்கம் திரும்பி நின்றாள். அவள் முழங்கை மேலும் கீழும் போய்வந்தது. எட்டிப் பார்த்தேன். சாஸில் ஊறிய மஞ்சள் கரு, நக்கிய கேக், பாதி கடித்த கறி, எல்லாவற்றையும் வழித்து வழித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். துப்பிய சக்கையை மட்டும் ஒதுக்கியிருந்தாள், அந்த மட்டும் புண்ணியம்.

"சீ, கருமம்! என்னக்கா இது?"

"கொட்ட மனசு வரலடி. ஒரு வாய்தானே, இதெல்லாம் ஒரு சாப்பாடா?"

"உக்காந்து தின்னாத்தான் சாப்பாடா? நின்னுக்கிட்டு தின்னா உடம்புல ஒட்டாதா?"

அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள். மூன்று பேர் மிச்சம், மூன்று வேளையும், எண்ணெயும் கிரீமும் சர்க்கரையுமாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. பாத்திரம் கழுவுவதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மூடி போட்ட பெரிய தொட்டி ஒன்றை வாங்கிவந்து மேசைக்குப் பக்கத்திலேயே வைத்தேன்.

"சாப்பிடற இடத்துல எதுக்கு சித்தி இது? அருவருப்பா இருக்கு," என்று மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

வழக்கம்போல மகன் தட்டைத் தள்ளினான். அக்கா தயங்கித் தயங்கி எழுந்து, மூடியைத் திறந்து, தட்டைச் சாய்க்கப் போனாள்.

"ஏய் பூசணி! நல்ல சாப்பாட்டைக் கொட்டறியே, உனக்கு எப்படி மனசு வருது?" மாமா பதறினார்.

அக்கா நின்றாள். பிறகு நொண்டியபடி மேசையைச் சுற்றிவந்து அந்தத் தட்டை அவர் முன்னால் வைத்தாள். குதறிப்போட்ட கறி, குழைந்த நூடுல்ஸ், மேலே வாய் துடைத்துக் கசக்கிய காகிதம்.

"அப்ப நீங்க சாப்பிடுங்க."

மாமா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "சீ! எச்சிலை எவன் திம்பான்? எடு அதை!"

டிவி பக்கம் கிளம்பிய மகன் அப்படியே நின்றுவிட்டான். மாமாவுக்கும் தான் சொன்னது புரிந்துவிட்டது, முகம் தொங்கிப்போயிற்று.

"கல்யாணமானதுலேருந்து நான் அதைத்தானே தின்னேன்," என்றாள் அக்கா. தட்டைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

போன வாரம் அக்காவிடமிருந்து போன் வந்தது. எடை முதல் முறையாக இறங்கியிருக்கிறதாம், டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி பார்க்கிறாராம்.

"இப்பல்லாம் தட்டை யாரு கழுவறாக்கா?" என்று கேட்டேன்.

"அவங்கவங்கதான்."