மெதுவா அக்கா

சூடேற்றும் அலமாரியிலிருந்து எடுத்த சலைன் பையை முழங்கையின் உள்பக்கம் வைத்துப் பார்க்கிறார் அக்கா. அலமாரியில் சூட்டின் அளவு தெரியும்தான். இருந்தாலும் தோலைக் கேட்காமல் எதையும் மாட்ட மாட்டார். ஐம்பதைத் தாண்டிய நர்ஸ். எதற்கெடுத்தாலும் “மெதுவா, மெதுவா” என்பதால் அவசரப் பிரிவில் அவர் பெயரே ‘மெதுவா அக்கா’. வீட்டுக்காரர் போனில் கூப்பிட்டால் “வந்துக்கிட்டே இருக்கேங்க” என்பார், வார்டை விட்டு ஓரடி நகராமல்.

அன்று காலையும் அப்படித்தான். இரவுப் பணி முடிந்தும் மாற்று ஆள் வரவில்லை, அக்காவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். தனியாக இருப்பவர். குளியலறையில் வழுக்கி, விடியவிடிய ஈரத்தரையில் கிடந்திருக்கிறார். உடம்பு ஜில்லிட்டு, நடுக்கம்கூட நின்றுவிட்டது. மகள் அவர் பாதங்களைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“தேய்க்காதம்மா. கை காலை விட்டுடு. நெஞ்சுதான் முதல்ல சூடாகணும்.”

ஈரத்துணியை வெட்டி எடுத்தார். கட்டிலுக்கு மாற்றும்போது ஊழியர்களை அதட்டினார். “மெதுவாப்பா. குளிர்ந்துபோன இதயம், குலுக்கினா தாங்காது.”

போர்வைக்குள் வெப்பக்காற்று போய்ச் சூடு ஏற ஏற, ரத்த அழுத்தம் இறங்கியது. மகளின் முகம் வெளுத்தது.

“வந்தப்ப இதைவிட நல்லா இருந்துச்சே சிஸ்டர்?”

“குளிர்ல சுருங்கின ரத்தக்குழாய் இப்ப விரியுது. உள்ள இருக்கற தண்ணி பத்தல. எதிர்பார்த்ததுதான்.”

“அப்ப நிறைய ஏத்துங்களேன்.”

“ஒரேயடியா ஏத்தினா நுரையீரல்ல தேங்கிடும்மா. சிறுநீர் இறங்குதான்னு பார்த்துப் பார்த்துத்தான் ஏத்தணும்.”

டாக்டர் பெரியவரின் முதுகில் ஸ்டெத் வைத்துக் கேட்டுத் தலையசைத்த பிறகுதான் அக்கா அடுத்த பையை மாட்டினார்.

“நேத்தே ஒரு போன் பண்ணியிருக்கணும்,” என்றாள் மகள், யாரிடமும் இல்லாமல். அக்கா ஒரு ஸ்டூலைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டார்.

மதியவாக்கில் பெரியவரின் தாடை கிடுகிடுவென்று ஆடத் தொடங்கியது. மகள் பதறி எழுந்தாள்.

“நடுங்கட்டும் விடு,” என்றார் அக்கா. “அவர் உடம்பு அதுவா வேலைக்கு வந்துடுச்சு.”

சற்று நேரத்தில் பெரியவர் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார். “நீ சாப்பிட்டியா?” என்று குழறினார்.

ஒருவழியாக மாற்று நர்ஸ் வந்து சேர்ந்தாள். “கெளம்புங்கக்கா. நின்னுக்கிட்டே தூங்கறீங்க.”

“சூடு பண்ணினதையே போடு. வேகத்தைக் கூட்டாத,” என்று சொல்லிவிட்டு, அக்கா உடைமாற்றும் அறையில் போய் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றினார். மற்றதின் மேல் கை வைத்தவர், அப்படியே எழுந்தார். ஒரு கால் வெறுங்காலும் ஒரு கால் ஷூவுமாக விந்தி விந்தித் திரும்பி வந்து, பெரியவரின் கட்டிலடியில் குனிந்து, அங்கே தொங்கிய சிறுநீர்ப் பையை வெளிச்சத்துக்குத் திருப்பி, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தார்.