நித்திரையில் இருந்த மிளகாய்ச் செடி

லின்ஃபீல்டில் எங்கள் பால்கனித் தொட்டியில் பச்சை மிளகாய் காய்த்துக் குலுங்கிய நேரம், அன்றிரவு உறைபனி விழும் என்று போனில் எச்சரிக்கை வந்தது. ஒரு காயைக்கூடப் பனிக்கு விட்டுக்கொடுப்பதில்லை என்று கத்தரிக்கோலோடு போனேன். பென்ரோஸில் வேலை முடிந்து அப்போதுதான் வந்த கணவர் குறுக்கே நின்றார்.

"பொழுதுபட்டிட்டுது. இனிப் பிடுங்காதையும். அது நித்திரை."

"நித்திரையிலயே செத்துப்போனால் சரியோ?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் உள்ளே போனார். தன்னுடைய தடித்த போர்வையைக் கொண்டுவந்து, ஒரு காம்புகூட முறியாமல் செடியைச் சுற்றி மூடினார்.

விடிந்தபோது பால்கனிக் கம்பியெல்லாம் வெள்ளையாக இருந்தது. போர்வையை விலக்கினேன், இலைகள் பச்சையாகவே இருந்தன. உள்ளே அவர் இரண்டு ஸ்வெட்டரும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு சுருண்டு படுத்திருந்தார். சிரிப்பு வந்தது. ஆனால் கோபம் முழுதாகப் போகவில்லை.

அன்று மாலை தேங்காய்ப்பால் சொதிக்குப் பச்சை மிளகாய் தேவைப்பட்டது. அவர் இன்னும் வேலையால் வரவில்லை. பால்கனிக் கதவைத் திறந்தேன். வெளியே இருட்டிவிட்டிருந்தது. சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு, மிளகாய் இல்லாமலே சொதி வைத்தேன்.