மேவிஸின் வண்டியில் ஏறாதவர்கள்

கேக்கைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வாசலில் நின்றால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம். மேவிஸ் ஸ்க்ரிம்ஷா கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் இடுக்கு வழியாகவே கேட்டாள்.

"என்ன வேணும்?"

"நான் ரோசலிண்ட், நினைவுக்கல் கமிட்டியிலேர்ந்து வரேன். பழைய விமானதளத்துல கல் வைக்கிறோம் மிஸஸ் ஸ்க்ரிம்ஷா, குண்டு போடப் போன நம்ம பையன்களுக்காக. நீங்கதான் ரிப்பன் வெட்டணும்."

"எழுபது வருஷமா எங்க போயிருந்துச்சு இந்தப் பாசம்?"

"லேட்டுதான். ஒத்துக்கிறேன்."

"அந்த நிலத்துல வீடு கட்டி விக்கப் போறீங்களா? கல்லை வெச்சு ஊர் வாயை அடைக்கப் பாக்கறீங்களா?"

"ஐயோ, இல்லை. அங்க இன்னும் உருளைக்கிழங்குதான் போட்டிருக்காங்க."

கேக்கை மட்டும் வாங்கிக்கொண்டு மேவிஸ் கதவைச் சாத்தினாள்.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது அந்த ஸ்கெல்தோர்ப் விமானதளத்தில் அவள் வண்டி ஓட்டினாள். பொழுது சாயும் நேரத்தில் ஏழேழு பேராகப் பையன்களை ஏற்றிப் போய், ஓடுபாதை ஓரம் நிற்கும் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களிடம் இறக்கிவிடுவாள். விடியற்காலையில், திரும்பியவர்களை ஏற்றிக்கொள்வாள். அப்போது வண்டியில் இடம் மிச்சமிருக்கும். அவளோடு நடனமாடிய கனடாக்காரன் ஜெர்மன் நகரமான எஸ்ஸனுக்குக் குண்டு போடப் போய்த் திரும்பவில்லை. லீட்ஸ்காரன் ஒருவன் அவளுடைய கழுத்துத் துணியைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு போனான், அவனும் திரும்பவில்லை. மூன்றாமவன் ஒரு டீ வாங்கிக் கொடுத்தான், அவ்வளவுதான், அவனும் போனான்.

அப்புறம் அவள் ராசியில்லாதவள் ஆகிவிட்டாள். யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் அவள் உட்காரும் மேஜை மட்டும் காலியாகிக்கொண்டே வந்தது. ஒரு மழை மாலையில், விமான வாலில் உட்காரும் துப்பாக்கிக்காரன் நார்மன் டாஃப்ட், ஓட்டுவது அவள்தான் என்று பார்த்ததும் ஏறாமல் நடக்க ஆரம்பித்தான், அந்தக் கனத்த உடுப்போடு. மற்ற ஆறு பேரும் அவன் பின்னாலேயே போனார்கள். விளக்கை மங்கலாக வைத்துக்கொண்டு, வெறும் வண்டியை அவர்களுக்குப் பின்னால் ஓட்டிப் போனாள் மேவிஸ். அந்த ஏழு பேரும் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள். வினையே அதுதான். பெயர் ஊர்ஜிதமாகிவிட்டது.

யுத்தம் முடிந்ததும், எரிந்துபோன ஜெர்மன் நகரங்களின் படங்களைப் பார்த்த நாடு அந்தப் பையன்களைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திக்கொண்டது. தரையைவிட்டு ஓரடி எழும்பாத ஆளாகத் தேடி, விதை வியாபாரி ஒருவரைக் கட்டிக்கொண்டாள் மேவிஸ். ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள், ஒரு கீறல் விழாமல். ஆனாலும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்ணாடியைப் பார்ப்பாள், ஏறத் தயங்குகிறவர் யார் என்று.

மறுநாள் ரோசலிண்டுக்குப் போன் போட்டாள்.

"வேற யார் வர்றாங்க?"

"உசிரோட இருக்கறது ஒருத்தர்தான். மிஸ்டர் டாஃப்ட்."

"நான் வருவேன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"'அவ வண்டி ஓட்டலையே?'ன்னு கேட்டார்."

மேவிஸ் போனை வைத்தாள். போவது என்று முடிவெடுத்தது அந்த நிமிஷம்தான். இந்தத் தடவையும் தான் இருக்கும் வண்டியில் அவன் ஏறாவிட்டால் ரிப்பனைத் தொடாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுவது என்றும் அப்போதே முடிவு செய்தாள்.

கமிட்டிக்காரர்களின் கத்தரிக்கோல் எப்படியும் மொட்டையாகத்தான் இருக்கும். தன்னுடையதைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஊர் மண்டபத்திலிருந்து கல்லுக்கு வேனில் போக ஏற்பாடு. ஓட்டுவது ரோசலிண்ட், பக்கத்தில் மேவிஸ். தடியை ஊன்றி, பதக்கங்கள் ஆட, நார்மன் வந்தான். வேனின் கதவருகே நின்றான். மேவிஸைப் பார்த்தான். பிறகு வேனைத் தாண்டிப் பின்பக்கம் நடந்தான்.

"போறான் பாரு," என்றாள் மேவிஸ். "இந்த வயசுலயும் நடந்துதான் போவான். வண்டியைத் திருப்பு, என்னை வீட்ல விடு."

பக்கக் கண்ணாடியில் பார்த்த ரோசலிண்டின் முகம் சிவந்தது. "அவர் எங்கயும் போகலை. நம்ம பின்சக்கரத்துல... ஐயோ, பாதிரியார் வேற நிக்கிறார்!"

மேவிஸுக்குப் புரிந்துவிட்டது. விமானம் ஏறுவதற்கு முன் பையன்கள் வரிசையாக நின்று, ஒன்றுக்குப் போய் வால் சக்கரத்தை நனைப்பார்கள். அப்படிச் செய்தால் உயிரோடு திரும்பலாம் என்று நம்பிக்கை. அவள் வண்டிக்குள் இருந்தபடி வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள்.

நார்மன் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தான்.

"நான் இருக்கேன்னுதானே?" என்றாள் மேவிஸ்.

"பின்ன? நீ இல்லாட்டி எனக்கு எதுக்கு அந்தப் பாடு, டிரைவர்? இந்த வயசுல அதென்ன நினைச்சவுடனேவா வருது? எவ்வளவு நேரம் நின்னேன் பாத்தியா? அந்த மரியாதையையாவது நினைச்சுப் பாரு."

"அன்னிக்கும் இதைப் பண்ணிட்டு ஏறியிருக்கலாமே?"

நார்மன் தடியை உள்ளே போட்டான். "அன்னிக்கு பயம்."

"இப்ப?"

"இப்பவும்தான்," என்று சொல்லிவிட்டு ஏறி அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தான்.

மேவிஸ் மேலே இருந்த கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். நார்மனின் கை கதவுப் பிடியில் இருந்தது. வழியெல்லாம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பள்ளத்தில் வேன் தூக்கிப் போட்டபோது அது இறுகியது. ஆனால் கதவைத் திறக்கவில்லை.

கல் தெரிந்தது. மேவிஸ் கைப்பையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.