நாலு நாள் வைத்திருந்த பதிவு

வீட்டில் அவள் மூத்த மருமகள். ஆஸ்பத்திரியில் கேபிள் அக்கா. பதினாறு வருடங்களுக்கு முன் அங்கே டெலிபோன் போர்டில் உட்கார்ந்து இணைப்புக் கொடுக்கும் வேலைக்குத்தான் சேர்ந்தாள். போர்டை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் கேபிள் இழுக்க வந்தவர்கள் பின்னாலேயே அலைந்து, எந்தக் கம்பி எந்தச் சுவருக்குள் போகிறது, கம்ப்யூட்டர்களை இணைக்கும் எந்த ஸ்விட்ச் பெட்டி எந்த வார்டுக்கு என்று அத்தனையும் கற்றுக்கொண்டாள். கேபிள் முனையைப் பல்லால் கடித்து உரிக்காதே என்று பல் டாக்டரே இரண்டு முறை சொல்லியிருக்கிறார். அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் நெட்வொர்க் எங்கே நின்றாலும் முதலில் அவள் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். அதில் அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. வெளியே காட்டிக்கொள்ளமாட்டாள், அவ்வளவுதான்.

அவள் கணவனின் தம்பி கல்யாணம் செய்துகொண்டு வந்த பெண்ணும் அதே துறையில் இருந்ததுதான் சிக்கல். இளையவள் பெரிய படிப்புப் படித்தவள். நெட்வொர்க் பாதுகாப்பைச் சோதித்துக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலை. கீழ்வீட்டில் மூத்தவள் குடும்பமும் மாமியாரும். மாடியில் இளையவளும் கொழுந்தனும். மாடிப்படியில் இளையவள் இறங்கிவரும் சத்தத்திலேயே அவள் புது செருப்புப் போட்டிருக்கிறாளா பழையதா என்று மூத்தவள் சொல்லிவிடுவாள். மாலையானால் மேலேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். நமக்குக் கல்யாணமாகி மூன்று வருடத்தில் நாம் இப்படிச் சிரித்தோமா என்று பாத்திரம் துலக்கிக்கொண்டே கணக்குப் போடுவாள். சிரிக்கவில்லை என்றுதான் கணக்கு வரும்.

பக்கத்து ஊர் அலுவலகம் ஒன்றில் யாரோ உள்ளே புகுந்து எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் ஆஸ்பத்திரி நிர்வாகி பயந்துபோனார். வெளியே இருந்து ஆள் வரவழைத்து ஒரு மாதம் முழுக்கச் சோதித்துவிடலாம் என்று முடிவு செய்தார். நிறுவனம் அனுப்பிய ஆள் யாரென்று பார்த்தால், இளையவள். கழுத்தில் விருந்தினர் அட்டை தொங்க, "அக்கா, உங்க ரூம்லயே எனக்கும் ஒரு மேஜை போடச் சொல்லியிருக்காங்க" என்று சிரித்துக்கொண்டே வந்து நின்றாள். மூத்தவளும் சிரித்தாள். கன்னம் வலித்தது.

அந்தச் சமயத்தில் மூத்தவளை ஒரு கோளாறு பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது. தினமும் காலை பத்து மணியானால் எக்ஸ்ரே படங்கள் டாக்டர்களின் திரைக்கு வந்துசேராமல் பாதியில் நின்றுவிடும். பதினொன்றரைக்குத் தானாகச் சரியாகிவிடும். இரண்டு மாதமாக மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். மூன்று மாடிக்குக் கேபிள் மாற்றினாள், இரண்டு ஸ்விட்சை மாற்றினாள். ஒன்றும் நடக்கவில்லை.

இளையவள் கேபிளைத் தொடவே இல்லை. முக்கியமான ஸ்விட்சில் கேபிள் செருகும் துளை ஒன்றை, அதன் வழியாகப் போகும் எல்லாவற்றுக்கும் நகல் வருகிற மாதிரி அமைத்து, அதில் தன் லேப்டாப்பைச் செருகி, ஓடுவதையெல்லாம் பதிவுசெய்யும் கேப்சர் போட்டாள். எந்த மெஷின் எந்த மெஷினோடு, எத்தனை மணிக்கு, எவ்வளவு பேசுகிறது என்று வரிவரியாகத் திரையில் ஓடியது. ஒரு மணி நேரம் பத்து நிமிடம். பிறகு நாற்காலியைத் திருப்பி, பேக்கப் எடுக்கும் சர்வர் இரவு பத்துக்கு எடுக்கவேண்டிய நகலைக் காலை பத்துக்கு எடுக்கிறது, பாதை முழுவதையும் அதுவே அடைத்துக்கொள்கிறது, அதன் கடிகாரம் பன்னிரண்டு மணி நேரம் மாறியிருக்கிறது என்றாள்.

மூத்தவளுக்குச் சுருக்கென்றது. இரண்டு மாதத்துக்கு முன் அந்த சர்வரின் கடிகார பாட்டரியை மாற்றி நேரம் வைத்தவள் அவள்தான். காலை, மாலை என்பதில் கை தவறியிருக்கிறது. இளையவளுக்கும் அது தெரிந்திருக்கவேண்டும். மேஜை மேல் கிடந்த பணிப்பதிவேட்டில் மூத்தவள் கையெழுத்தோடு தேதி இருந்தது. ஆனால் அறிக்கையில் அவள் எழுதியது ஒரே வரி: சர்வரின் நேரம் தவறாக இருந்தது, சரிசெய்யப்பட்டது. யார் என்று எழுதவில்லை. அதுதான் மூத்தவளால் தாங்கமுடியவில்லை. பெயரைப் போட்டு மூக்கை உடைத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பெருந்தன்மையாக நடந்துகொண்டவளை எந்த முகத்தோடு திட்டுவது?

விஷயம் வீட்டுக்கும் வந்தது. ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்தாளாமே என்று மாமியார் இரண்டு வேளையும் சொன்னார். நீயும் அதைக் கற்றுக்கொள்ளலாமே என்று கணவன் அக்கறையோடு சொன்னான். அக்கறையாகச் சொன்னதால் அவன் தட்டில் மூன்று நாளைக்கு உப்புக் குறைவாக விழுந்தது.

கற்றுக்கொள்ளத்தான் செய்தாள். பிடிவாதமாகக் கற்றுக்கொண்டாள். மதிய இடைவேளையில் அலமாரிக்குப் பின்னால் கிடந்த பழைய மெஷின் ஒன்றைத் தூசி தட்டி எழுப்பி, கேப்சர் போடப் பழகினாள். யாருடையதைப் போட்டுப் பழகினாள் என்பதுதான் விஷயம். ஐந்து மாடி, நானூற்றுச் சொச்சம் மெஷின். அவள் தேர்ந்தெடுத்தது ஒன்றே ஒன்று, இளையவளின் லேப்டாப் செருகியிருந்த துளை. வெளியிலிருந்து வந்த மெஷினைக் கண்காணிப்பது நம் கடமைதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டபோதே அது பொய் என்று அவளுக்குத் தெரியும்.

பெரும்பாலானவை பூட்டிய பெட்டிகள் மாதிரி வந்தன. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கமுடியாது. ஆனால் பெட்டி எங்கே போகிறது, எப்போது போகிறது, எவ்வளவு பெரியது என்பது தெரிந்தது. எந்தத் தளத்தைத் திறந்தாலும் அதற்குமுன் லேப்டாப் அதன் முகவரியைக் கேட்டுக் கேள்வி அனுப்பும். அந்தக் கேள்வி பூட்டாமல் போவதால் தளத்தின் பெயரையும் படிக்கமுடிந்தது. ஐந்து நாள் அவளுக்கு உப்புச்சப்பில்லாத வரிகளே கிடைத்தன.

ஆறாம் நாள் இரண்டு விஷயம் கிடைத்தது.

ஒன்று: இளையவளின் லேப்டாப் ஒரு தெரியாத முகவரிக்கு அறுபது வினாடிக்கு ஒரு முறை ஒரே அளவில் சின்னத் துண்டு ஒன்றை அனுப்பிக்கொண்டிருந்தது. இளையவள் காண்டீனில் உட்கார்ந்திருக்கும்போதும் அனுப்பியது. மனிதர்கள் யாரும் இவ்வளவு ஒழுங்காக எதையும் செய்யமாட்டார்கள். வழக்கமான எந்த மென்பொருளின் முகவரியும் அது இல்லை. மூத்தவள் மூன்று முறை சரிபார்த்தாள். லேப்டாப்புக்குள் ஏதோ புகுந்து உட்கார்ந்துகொண்டு, வெளியே இருக்கும் எஜமானுக்கு "இருக்கிறேன், இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. சோதிக்க வந்தவளின் மெஷினுக்கே நோய்.

இரண்டாவது: மதிய நேரங்களில் அந்த லேப்டாப் தேடிய பெயர்களில் தனியாக வசிக்கும் பெண்களுக்கு வாடகை அறை பார்த்துக்கொடுக்கும் தளம் ஒன்று இருந்தது. ஏழு முறை. விவாகரத்து வழக்குகள் நடத்தும் ஒரு வக்கீல் அலுவலகத்தின் பெயர் நான்கு முறை.

மூத்தவளுக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. சந்தோஷம். தொண்டைக்குள் இனிப்பு இறங்குகிற மாதிரி ஒரு சந்தோஷம். அடுத்த நொடி அவளுக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆனால் அந்த அடுத்த நொடியிலும் சந்தோஷம் போய்விடவில்லை.

நாலு நாள் கழித்து நிர்வாகியின் அறையில் கூட்டம் இருந்தது. அதுவரை அவள் வாயைத் திறக்கவில்லை. லேப்டாப்பைக் கழற்று என்று அன்றே சொல்லியிருக்கவேண்டும். ஒரு வாக்கியம், பத்தடி தள்ளி உட்கார்ந்திருக்கிறவளிடம். சொன்னால் "ஐயோ, நன்றி அக்கா" என்று அவள் கழற்றிவிடுவாள், யாருக்கும் தெரியாமலே முடிந்துபோகும். அதனால் சொல்லவில்லை.

கூட்டத்துக்கு நிர்வாகி, தலைமை நர்ஸ், ஆவணப் பிரிவு அதிகாரி, இளையவளின் மேலாளர் என்று நாலைந்து பேர் வந்திருந்தார்கள். மூத்தவள் எழுந்து, சுவரில் தன் பட்டியலைப் போட்டுக் காட்டினாள். அறுபது வினாடி இடைவெளியில் விழுந்த புள்ளிகளைக் காட்டினாள். இது யாருடைய மெஷின் என்று மேலாளர் கேட்டபோது, கையை நீட்டாமல் பார்வையாலேயே காட்டினாள். பட்டியலில் லேப்டாப் தேடிய பெயர்கள் எல்லாமே இருந்தன. வாடகை அறையும் இருந்தது, வக்கீலும் இருந்தார். அந்த வரிகளை எடுக்க இரண்டு விசை போதும். முந்தின நாள் அதே வரிகள் மேல் விரல் வைத்து, யோசித்து, அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

நிர்வாகி புள்ளிகளைத்தான் பார்த்தார். தலைமை நர்ஸ் பட்டியலைப் படித்தார். பிறகு சட்டென்று தன் மடியைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஆவணப் பிரிவு அதிகாரி குனியவில்லை. இளையவள் சுவரைப் பார்த்தாள். பிறகு மூத்தவளைப் பார்த்தாள்.

"என் மெஷின்தான்," என்றாள். "அவங்க சொல்றது சரி. நல்லா பிடிச்சிருக்காங்க. இப்பவே கழட்டிடறேன்."

குரல் நடுங்கவில்லை. அதற்கும் மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

அன்று நிர்வாகி மூத்தவளின் கையைக் குலுக்கினார். இனி தினசரிக் கண்காணிப்பு அவள் பொறுப்பு என்றார். பதினாறு வருடத்தில் யாரும் அவள் கையைக் குலுக்கியதில்லை. அறைக்குத் திரும்பியபோது எதிர் மேஜை காலியாக இருந்தது.

மாலையில் கொல்லைப்புறத்தில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது இளையவள் இறங்கிவந்தாள். கொடியில் கிடந்த போர்வையின் மறுமுனையைத் தானே பிடித்து மடிக்க உதவினாள்.

"அந்த வரிகளை முன்னாடியே பாத்தீங்களா அக்கா?"

பார்க்கவில்லை, மொத்தமாக எடுத்துப் போட்டேன் என்று சொல்லலாம். நம்பவும் நம்புவாள்.

"பாத்தேன்."

"எப்போ?"

"நாலு நாள் முன்னாடி."

இளையவள் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டாள். வாடகை அறைக்கான விண்ணப்பம் என்று வந்த கோப்பு ஒன்றை அவசரத்தில் திறந்ததாகவும், அதில்தான் அது உள்ளே வந்திருக்கவேண்டும் என்றும் சொன்னாள். ஊருக்கெல்லாம் திறக்காதே என்று பாடம் எடுப்பவள், தானே திறந்துவிட்டாளாம். வீட்டில் தேடமுடியாததால்தான் ஆபீஸ் லேப்டாப்பில் தேடினாளாம். கல்யாணமான ஆறாவது மாதத்திலிருந்து அவள் போனைக் கணவன் தினமும் வாங்கிப் பார்க்கிறான். யார் பேசினார்கள், ஏன் அவ்வளவு நேரம், இந்த ஆள் ஏன் சிரிக்கிற படம் அனுப்பினான். சில நாள் கேள்வி விடியும்வரை போகுமாம். மேலே கேட்கும் சிரிப்பு என்னவென்று மூத்தவள் தயங்கிக் கேட்டாள். டிவி என்றாள் இளையவள். கேள்வி கீழே கேட்கக்கூடாது என்று அவன் சத்தத்தைக் கூட்டிவைப்பானாம்.

"வீட்ல அவர் போனைப் பாக்கறார். ஆபீஸ்ல நீங்க லேப்டாப்பைப் பாத்திருக்கீங்க," என்றாள். "அதைக்கூட விடுங்க. நாலு நாள் அந்த மெஷின் உங்க ஆஸ்பத்திரிக்குள்ள இருந்துச்சு அக்கா. நோயாளிங்க விவரமெல்லாம் இருக்கற இடம். அதையாவது யோசிச்சிருக்கலாம்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது மூத்தவளுக்கு. கட்டடத்தின் ஒவ்வொரு கம்பியும் தன் நரம்பு என்று நினைத்திருந்தவள், நாலு நாள் அதைத் திறந்துபோட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்காமலே துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஆவணப் பிரிவு அதிகாரியின் வாய் வழியாக விஷயம் வீடு வந்துசேர மூன்று நாளாவது ஆகியிருக்கும். இளையவள் அதுவரை காத்திருக்கவில்லை. அன்று மாலையே மாமியாரையும் தன் கணவனையும் உட்காரவைத்து, பிரியப்போவதைத் தானே சொன்னாள். கொழுந்தன் கத்தினான். இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டான். அப்போது கதவோரம் நின்ற மூத்தவள் ஒரே ஒரு காரியம் செய்தாள். உள்ளே போய், "அவ போனை முதல்ல குடுத்துடுங்க தம்பி" என்று கையை நீட்டினாள். அவன் கையில் அப்போதும் இளையவளின் போன்தான் இருந்தது. கொடுத்துவிட்டான்.

மறுநாள் காலை மூத்தவள் நிர்வாகியிடம் போய், நாலு நாள் தெரிந்தும் சொல்லாமல் இருந்ததை ஒப்புக்கொண்டாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. புதுப் பொறுப்பை ஆறு மாதம் நிறுத்திவைத்தார். நாலு நாள் பதிவையும் வரிவரியாகப் பார்த்ததில் நோயாளிகள் விவரம் எதுவும் வெளியே போகவில்லை என்று தெரிந்தது. அதைப் பார்த்து முடிக்க அவளுக்குப் பதினோரு நாள் பிடித்தது.

இளையவள் இரண்டு மாதத்தில் தனி அறைக்குப் போனாள். வழக்கு இன்னும் நடக்கிறது. மூத்தவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவனிடம் சொல்லிவிட்டே, அங்கே போனாள். ஒரு மேஜை, ஒரு கட்டில், தெருவைப் பார்த்த பெரிய ஜன்னல். கதவுக்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவியும் ஒருத்தியிடமே. யாரும் எதுவும் கேட்காத அறை. மூத்தவள் நடு அறையில் நின்று சுற்றிப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அந்தப் பழைய எரிச்சல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது. ஒரு நாளாவது இப்படி ஒரு அறையில் தனியாக இருந்திருக்கிறோமா?

"உன்னைப் பாத்தா எனக்கு வயித்தெரிச்சல்தான்," என்றாள். "வந்த நாள்லேருந்து. இப்பவும்."

"தெரியும் அக்கா," என்றாள் இளையவள். "டீயா, காபியா?"

டீ என்றாள் மூத்தவள். இருந்த ஒரே நாற்காலியை அவளுக்குப் போட்டுவிட்டு இளையவள் கட்டிலில் உட்கார்ந்தாள். நாலாவது மாடி ஸ்விட்ச் ஒன்று வாரத்துக்கு இரண்டு தரம் தானாக அணைந்து எரிகிறது, கேப்சரில் ஒன்றும் பிடிபடவில்லை என்று மூத்தவள் ஆரம்பித்தாள்.