தண்ணீர் தொடாத டிரைவர்

பாபநாசம் பஸ் ஓட்டும் சாலமோன் இருபத்தெட்டு வருடமாக ஸ்டியரிங்கைப் பிடித்தால் தண்ணீர் குடிப்பதில்லை. வழி நெடுகத் தாமிரபரணி கூடவே வரும். இவர் வாயைக் கொப்பளித்துத் துப்புவதோடு சரி. குடித்தால் நடுவழியில் ஒதுங்க வேண்டும். நேரம் தப்பினால் டைம்கீப்பருக்கு யார் பதில் சொல்வது?

உடம்பு அசதி தாங்காமல் ஸ்கேன் எடுத்தார். இரண்டு சிறுநீரகத்திலும் கொத்துக் கொத்தாக நீர்க்கட்டிகள். அவருடைய அப்பாவைக் கொண்டுபோனதும் அதுதான்.

"இது பரம்பரையா வர்றது," என்றார் டாக்டர். "ஆனா நீங்க தாகத்தை அடக்கினா, மூளையிலேர்ந்து ஒரு ஹார்மோன் இறங்கி வரும். கிட்னி செல்லுல இருக்கிற ரிசெப்டர்ங்கற இருக்கையில உக்காந்து, தண்ணியை வெளிய விடாதேன்னு உத்தரவு போடும். உங்களுக்கு அதே உத்தரவுலதான் கட்டியும் வளருது. நிறைய தண்ணி குடிச்சா ஹார்மோன் அடங்கும். வளர்ற வேகம் குறையலாம்."

"அப்ப இத்தன வருசமும் நானேதான் தீனி போட்டிருக்கேன்." கோபப்படக்கூட சாலமோனுக்குத் தெம்பில்லை.

"உங்க பிள்ளைகளுக்கும் இருக்கலாம். பாத்துரணும்."

ஒரே மகள் ரீபா, ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று சேலை விரித்துப் போடுகிறவள். ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று அவளுக்குப் போன் போட்டார்.

"ஏட்டி, தண்ணி குடிச்சியா?"

"ஒரு சொட்டு தொடலப்பா," என்றாள் ரீபா. குரலில் அவ்வளவு பெருமை. "வேலைக்குச் சேந்த அன்னைக்கு நீங்க சொல்லித் தந்ததுதான? இப்ப நல்லாப் பழகிட்டு."