மூன்று வாளி மண்

அந்தப் பொன்னாடையைக் கடையின் பின்பக்கம் தரை துடைக்கப் போட்டிருக்கிறேன். அதற்கும் அது லாயக்கில்லை, ஜரிகைத் துணி தண்ணீரை உறிஞ்சுவதில்லை. ஸ்கூடாய் நகரில் நகல் எடுக்கிற, பேனர் அச்சடிக்கிற கடை வைத்திருக்கும் ஹேமநாதனாகிய எனக்கு, ஒரு தமிழ்ப்பள்ளிக்கு அடிக்கல் நாட்டியதற்காகப் போர்த்திய துணி அது. அந்தப் பள்ளி இன்றுவரை இல்லை. இனி வரப்போவதும் இல்லை.

என்னைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. சந்திரமதியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். முப்பத்தெட்டு வயது. எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பூதக்கண்ணாடி வைத்து ஈயப்பற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. பிறந்தது காஹாங் ஊருக்கு உள்ளே, பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில். அங்கிருந்த நாலு வகுப்பறைப் பள்ளியில்தான் படித்தாள். தோட்டத்தில் இப்போது நம் ஆட்கள் ஒரு குடும்பமோ இரண்டு குடும்பமோ. கடைசி வருடத்தில் பள்ளியில் மூன்றே பிள்ளைகள், மூன்றும் ஆறாம் ஆண்டு. அவர்கள் முடித்துப் போனால் பூட்டு.

எங்கள் தாமான் குடியிருப்பிலோ தடுக்கி விழுந்தால் ஒரு தமிழ்ப்பிள்ளை. பக்கத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் போக விடியுமுன் பஸ் ஏற வேண்டும், திரும்பும்போது சாலை நெரிசலில் பாதிப் பிள்ளைகள் வாந்தி எடுத்துக்கொண்டு வரும். சந்திரமதியின் மகள் சாந்தினிக்கு காரில் பத்து நிமிடம் உட்கார்ந்தாலே குமட்டும். மகள் ஒன்றாம் ஆண்டு போவதற்குள் அந்தத் தோட்டத்துப் பள்ளியை எங்கள் தாமானுக்குக் கொண்டுவந்து விட வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே பிடிவாதம்.

நம் நாட்டில் புதிதாக ஒரு தமிழ்ப்பள்ளி தொடங்குவது குதிரைக் கொம்பு. ஆளில்லாத தோட்டத்துப் பள்ளியின் உரிமத்தை ஆளிருக்கும் இடத்துக்கு மாற்றினால்தான் உண்டு. அதற்கு என்னென்ன வேண்டும் தெரியுமா? பதிவு பெற்ற பள்ளி வாரியம் வேண்டும். அதில் இருப்பவர் ஒவ்வொருவரும் திவாலாகாதவர், வழக்கில்லாதவர் என்று சான்று வேண்டும். பள்ளிக்கென்றே ஒதுக்கிய நிலம், பெற்றோர் கையெழுத்து, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், தீயணைப்புப் படையான பொம்பாவின் கடிதம், சுகாதார இலாகா கடிதம், எல்லாவற்றுக்கும் மேலே நகராண்மைக் கழகத்தின் கட்டட அனுமதி. மாற்றம் கையெழுத்தாகும் நாளில் பழைய பள்ளியில் ஒரு பிள்ளையாவது படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று கல்வி இலாகாவில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

இரண்டரை வருடம் அலைந்தாள். வேலை முடிந்து சீருடையோடு நேராக என் கடைக்கு வருவாள். வந்த தபால் உறையைக்கூட நகல் எடுப்பாள். வகுப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்று பொம்பா சொன்னது, வரைபடம் மாறியது. கழிப்பறை போதாது என்று சுகாதார இலாகா சொன்னது, மறுபடியும் மாறியது. வீடு வீடாக ஏறி இருநூற்றுப் பதினான்கு பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினாள். ஒரு வீட்டில் நாய் கடித்தது. ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் அதே வீட்டுக்குப் போய்க் கையெழுத்தோடு வந்தாள்.

வாரியம் என்ன செய்தது? த்தூ! சொல்லவே வாய் கூசுகிறது. செயலாளர் சந்திரமதியைத் தவிர ஆறு ஆண்கள் இருந்தோம். தலைவர் மனோகரன், லாரிக் கம்பெனிக்காரர். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையாகவும் சாவு வீட்டில் பிணமாகவும் தானே இருக்க வேண்டும் என்கிற ரகம். மூன்று கூட்டங்கள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், எதைப் பற்றி? கல்வெட்டில் யார் பெயருக்குக் கீழே யார் பெயர் என்பதைப் பற்றி. கல் இல்லை, கட்டடம் இல்லை, அனுமதியும் இல்லை. பெயர் மட்டும் வரிசையில் நின்றது.

ஜூன் கடைசியில் நகராண்மைக் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. எல்லாம் சரி, ஆகஸ்ட் முதல் வாரக் கூட்டத்தில் அனுமதி முடிவாகும் என்று எழுதியிருந்தார்கள். மூன்றாவது பத்தியில் இன்னொன்றும் இருந்தது: அனுமதி கைக்கு வரும்வரை நிலத்தில் எந்த வேலையும் தொடங்கக் கூடாது. அதை ஏழு நகல் எடுத்தவன் நான். ஏழு முறை என் கண்முன்னால் அந்தப் பத்தி வெளியே வந்து விழுந்தது.

அன்று மாலையே மனோகரன் கூட்டம் போட்டார்.

"ஜூலை பதினேழு ஆடி பொறந்துடும். ஆடி பொறந்தா ஒரு மாசம் மண்ணுல கை வைக்க முடியாது. அதுக்கு முந்தின ஞாயித்துக்கெழம நல்ல முகூர்த்தம். டத்தோவும் அன்னிக்குத்தான் ஃப்ரீயா இருக்காரு. பூமி பூஜைய முடிச்சிருவோம்." டத்தோ என்பது அரசாங்கம் கொடுக்கும் பட்டம்; இவர் எங்கள் வட்டாரத்துப் பெரும்புள்ளி.

"தலைவரே, லெட்டர் வரட்டும்," என்றாள் சந்திரமதி. "மூணாவது பாராவ படிச்சீங்களா? ஆவணியில வச்சிக்கலாமே?"

"ஆவணியில டத்தோ லண்டன்ல இருப்பாரு."

"டத்தோ இல்லாட்டி என்னங்க? நமக்கு ஸ்கூல்தான வேணும்?"

"பூஜதானமா, கட்டடமா கட்டப் போறோம்? பொம்பளைங்களுக்கு எல்லாத்துக்கும் பயம் லா."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மனோகரன் முன்மொழிந்தார், யாராவது ஆமோதிக்க வேண்டுமே, நான் கை தூக்கினேன். ஏன்? பேனர் வேலை எனக்குத்தான் வரும் என்று தெரியும். இதைவிடக் கேவலமான காரணம் ஏதாவது இருக்கிறதா? தனக்குச் சம்மதமில்லை என்பதையும் சேர்த்து அவளே கூட்டக் குறிப்பில் எழுதினாள். மனோகரனும் நானும் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டோம்.

பேனர் இருபதடி. டத்தோவின் முகம் ஒரு குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு இருந்தது. டத்தோவுக்காக மலாயிலும் ஒரு வரி போடச் சொன்னார்கள். 'பள்ளிக் கட்டுமானம் தொடங்குகிறது' என்று மலாயில் எழுதி, தேதியும் போட்டு, சிவப்பில் அச்சடித்தேன். அந்த வரி நானே யோசித்தது.

ஞாயிற்றுக்கிழமை கூடாரம், மேளம், எழுபது பொன்னாடை. ஐயர் செங்கல்லுக்குப் பொட்டு வைத்ததோடு விட்டிருந்தால்கூடப் பிழைத்திருப்போம். வீடியோவுக்கு நன்றாக இருக்கும் என்று மனோகரன் தன் கம்பெனியின் மண் தோண்டும் பெக்கோ இயந்திரத்தையும் மாலை போட்டுக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். சந்திரமதி ஓட்டுநரிடம் ஓடினாள்.

"அண்ணே, தோண்டாதீங்க. சும்மா நிக்கட்டும், தோண்டாதீங்க!"

"நீ தோண்டு லா!" என்றார் மனோகரன்.

மூன்று வாளி மண் அள்ளினான். கைதட்டினார்கள். மூன்றாவது வாளியில் பக்கத்து வரிசை வீடுகளின் சாக்கடைக் கரை இடிந்து விழுந்தது. மறுநாள் மழை. நாலு வீட்டுக்குள் சேறு புகுந்தது. அந்த வீட்டுக்காரர்கள் புகார் கொடுக்காமல் என்ன செய்வார்கள்?

ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள். இங்கே ஆக்கியவள் ஒருத்தி. ஆறப் பொறுக்காதவர்கள் நாங்கள் ஆறு பேர்.

விசாரணைக்கு மனோகரன், சந்திரமதி, நான் மூவரும் போனோம். அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி, கத்தவில்லை. என் பேனரின் படத்தை மேசைமேல் வைத்து, அந்த மலாய் வரியின் மேல் விரலை வைத்தார். வேலை தொடங்கியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே, கடிதத்தை யாரும் படிக்கவில்லையா என்று கேட்டார்.

மனோகரன் தொண்டையைச் செருமினார். "கடிதமெல்லாம் எங்கள் செயலாளர்தான் பார்ப்பார். அவர் எங்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை," என்றார் மலாயில், கொஞ்சமும் கூசாமல்.

சந்திரமதி அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அவள் கோப்பில் கூட்டக் குறிப்பு இருந்தது எனக்குத் தெரியும். அதைக் காட்டினால் வாரியமே தெரிந்து மீறியது என்றாகி, கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் போய்விடும் என்று அவள் எடுக்கவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சந்திரமதி சொன்னாள், நாங்கள்தான் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

விண்ணப்பம் தள்ளுபடி. இடிந்த கரையைச் சரிசெய்து, முதலிலிருந்து மனுச் செய்ய வேண்டும், எட்டு மாதமாவது ஆகும் என்றார்கள். வருடக் கடைசியில் மூன்று பிள்ளைகளும் ஆறாம் ஆண்டை முடித்தார்கள். பிள்ளையில்லாத பள்ளியின் உரிமத்தைக் கல்வி இலாகா திரும்ப எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான், முடிந்தது.

போன வாரம் மனோகரன் கடைக்கு வந்தார். 'பறிபோன பள்ளியை மீட்போம்' என்று மாபெரும் கண்டனக் கூட்டமாம். இருபதடி பேனர். டத்தோ படம் பெரிதாக.

"வேற கடைய பாருங்க," என்றேன்.

"அலமாக், ஒனக்கு என்னய்யா ஆச்சு?" என்று சிரித்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். மறுநாளே முச்சந்தியில் தொங்கியது. அடியில் நன்றிப் பட்டியலில் என் பெயரும் இருந்தது.

நேற்று சந்திரமதி சாந்தினியோடு வந்தாள். பக்கத்துத் தெரு மலாய்ப் பள்ளியின் சேர்க்கைப் பாரம், நடந்தே போய்விடலாம். இரண்டு நகல் கேட்டாள், எடுத்தேன். குழந்தை என் மேசையிலிருந்த நாட்காட்டியின் தமிழ் எழுத்துகளை விரலால் தொட்டு, "ம்மா, இது என்னா?" என்று கேட்டது. அவள் பாரத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

"சந்திரா, அன்னிக்கு ஆபீஸ்ல நான்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கண்ணாடிமேல் வைத்தாள். அந்தக் கூட்டக் குறிப்பு. "இதுல ஒண்ணு எடுங்கண்ணே."

எடுத்து நீட்டினேன். மூலத்தை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"அது ஒங்களுக்குத்தான்," என்று சொல்லிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள்.